நீலக்கோட்டின் வலது கால்

அத்தியாயம் பன்னிரண்டு

"தேர்வு அன்னிக்கு நானே சொல்லிடறேன். ஆடறது நான் இல்ல, என் பொண்டாட்டின்னு."

போன ஞாயிற்றுக்கிழமை சமையலறை வாசலில் நின்று கணவன் அப்படிச் சொன்னபோது ஊசி நம்பினாள். கையில் இருந்த பாத்திரத்தைக் கழுவி முடிக்கிறவரை திரும்பிக்கூடப் பார்க்காமல், முதுகாலேயே நம்பினாள்.

இன்று அந்தத் தேர்வு நாள்.

ஊசி என்பது மாமனார் வைத்த பெயர். முட்டிக்கும் இடுப்புக்கும் கழுத்துக்கும் போடுகிற மருத்துவப் பட்டைகள் தைக்கும் கூடத்தில் அவளுக்கு வேலை. கல்யாணமாகி வந்த புதிதில் அவளது எல்லாச் சட்டைக் காலரிலும் ஒரு ஊசி குத்தியிருக்கும். பெயர் ஒட்டிக்கொண்டது.

நீலக்கோட்டை மறந்துவிட்டவர்களுக்காக ஒரு வார்த்தை. நீலக்கோட்டு என்பது ரத்தமும் சதையுமான ஆள் இல்லை. ஹெட்செட் மாட்டிக்கொண்டு நுழைகிற, கணினிக்குள் மட்டுமே இருக்கிற ஒரு விஆர் நடன மண்டபத்தில், முழங்காலுக்குக் கீழே தொங்கும் நீலக் கோட்டு போட்டு ஆடுகிற உயரமான ஆண் உருவம். அது பேசினால் வருவது கணவனின் குரல். பெரிய கடைத்தொகுதியில் காணாமல் போன குழந்தைகளையும் விளக்கை அணைக்காமல் விட்ட கார்களையும் பற்றி ஒலிபெருக்கியில் அறிவித்துக்கொண்டிருந்த குரல் அது. கணினியே அறிவிக்கத் தொடங்கியதும் அந்த வேலை போய்விட்டது.

ஆனால் நீலக்கோட்டு ஆடும்போது ஆடுவது ஊசி.

இடுப்பிலும் மார்பிலும் முட்டிகளிலும் கணுக்கால்களிலும், அசைவைக் கணினிக்குச் சொல்கிற டிராக்கர்களைக் கட்டிக்கொண்டு உள்ளறையில் அவள் ஆடுவாள். மூலையில் நாற்காலி போட்டு, மைக்கை உதட்டோடு ஒட்டிக்கொண்டு அவன் பேசுவான். மண்டபத்தில் கூடியிருப்பவர்களுக்கு இரண்டும் ஒரே ஆள்.

தொடங்கியது தற்செயலாக. முதலில் அவன்தான் ஆடினான். டிராக்கரோடு கடையில் வாங்கிய பட்டைகள் முழுக்க எலாஸ்டிக். அவன் ஒரு முறை குதித்தால் டிராக்கர் இரண்டு முறை குதிக்கும், மண்டபத்தில் நீலக்கோட்டின் கால்கள் குளிர் கண்டவனுடையது போல நடுங்கும். அவள் பார்த்துப் பொறுக்காமல் வேறு பட்டைகள் தைத்தாள். நீளாத நாடா, நடுவில் கட்டைவிரல் அளவுக்கு மட்டும் எலாஸ்டிக், உட்பக்கம் தோலைப் பிடித்துக்கொள்ள சிலிக்கான் புள்ளிகள், முனையில் வெல்க்ரோ. தையல் தாங்குகிறதா என்று பார்க்கத் தானே கட்டிக்கொண்டு அறைக்குள் சுற்றினாள், பாட்டு ஓடிக்கொண்டிருந்ததால் கொஞ்சம் ஆடியும் பார்த்தாள். இணைப்பைத் துண்டிக்க அவன் மறந்திருந்தான். திரும்பி வந்து ஹெட்செட்டை மாட்டியவன் முன்னால் மண்டபமே நின்று கைதட்டிக்கொண்டிருந்தது.

எல்லோரையும் கட்டிப்போட்டது அவளது வலது குதிகால். முன்பாதத்தை அழுத்தி வேகமாக ஒரு ஓட்டம், பிறகு குதிகாலை வெடுக்கென்று பின்னழுத்தினால் முழு உடம்பும் அசையாமல் நின்றுவிடும். அவள் யாரிடமும் கற்றுக்கொண்டதில்லை. கூடத்து மெஷினில் முன்பாதம் அழுத்தினால் தையல் ஓடும், குதிகாலை அழுத்தினால் நூல் வெட்டும். நாள் முழுக்கச் செய்வதைக் கால் இங்கேயும் செய்தது, அவ்வளவுதான்.

இப்போது அந்த மண்டபத்துக்காரர்கள் நிரந்தரமாக ஒரு ஆட்டக்காரரை எடுக்கிறார்கள். மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலை, வாசலில் ஆட்டக்காரரின் சொந்தப் பெயர். தேர்வாளர் இன்று மாலை வருகிறார்.

ஊசிக்கு அந்த வாசலில் தன் பெயர் வேண்டும். அதைத் தவிர அவள் எதுவும் கேட்கவில்லை.

காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் பட்டைகளைச் சுத்தம் செய்ய உட்கார்ந்தாள். வெல்க்ரோவில் சிக்கிய முடியையும் நூல் பிசிறையும் பழைய பல்துலக்கியால் தேய்த்து எடுப்பது அவள் வழக்கம். வலது கணுக்கால் பட்டை வந்ததும் கை நின்றது.

வெல்க்ரோவின் மெத்தென்ற பக்கத்தில் தினமும் எங்கே ஒட்டுகிறதோ அங்கே பஞ்சு எழும்பி ஒரு வரி விழும். தன் காலுக்கு அந்த வரி எங்கே என்று அவளுக்குக் கண்ணை மூடிக்கொண்டும் தெரியும். இப்போது அதைத் தாண்டி, இரண்டு விரல் உள்ளே தள்ளி, இன்னொரு வரி எழும்பியிருந்தது. ஒரு தடவை கட்டி அவிழ்த்ததில் வருகிற வரி இல்லை அது. யாரோ திரும்பத் திரும்பக் கட்டியிருக்கிறார்கள். அவளைவிட மெலிந்த கால்.

கணவன் தொண்டைக்காக வெந்நீரை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தான்.

"இதை வேற யாராச்சும் கட்டினாங்களா?"

"நான்தான். சும்மா ஒரு தடவை போட்டுப் பாத்தேன்."

அவன் கணுக்கால் அவளுடையதைவிடத் தடிமன். அவன் கட்டினால் வரி வெளிப்பக்கம் விழவேண்டும். அதை அவள் சொல்லவில்லை.

"இன்னிக்குச் சொல்லிடுவீங்கல்ல?"

"சொல்றேன்னு சொன்னேனில்ல. காலங்காத்தால ஆரம்பிக்காத. தொண்டை கட்டிக்கும்."

"கட்டிக்கட்டும். அக்கம்பக்கம் நிம்மதியா இருக்கும்" என்றார் முன்னறையிலிருந்து மாமனார்.

அவர் லிஃப்ட் இயக்கி ஓய்வு பெற்றவர். வாழ்நாள் முழுக்க மேலேயும் கீழேயும் போய் வந்தும் எங்கேயும் போய்ச் சேரவில்லை என்று தன்னைப் பற்றி அவரே சொல்லிக்கொள்வார். மூட்டு வலி வந்த பிறகு படியிறங்குவதையும் விட்டுவிட்டார். முன்னறை நாற்காலியும் தொலைக்காட்சியும்தான் அவர் உலகம். அந்த உலகத்திலிருந்து அவர் பார்க்காதது எதுவும் வீட்டில் நடக்காது.

ஊசி அவரைப் பார்த்தாள். அவர் சேனலை மாற்றினார்.

கூடத்தில் அன்று முட்டிப் பட்டைகள். சின்ன அளவு வரும்போதெல்லாம் அவள் கை தடுமாறியது. இந்த அளவா, இதைவிட மெலிசா? இருபது வயதிருக்குமா? தன் அறையில், தன் பட்டையைக் கட்டிக்கொண்டு, தன் கணவன் முன்னால் நின்றவளுக்கு எப்படிப்பட்ட முகம் இருக்கும்? முகம் வரவே இல்லை. கால் மட்டும்தான் வந்தது.

பக்கத்து மெஷின்காரி இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டு, நீ தைக்கிற பட்டையைப் போட்டால் நல்ல முட்டியும் நொண்டும் என்றாள். மதியத்துக்கு மேல் விடுப்பு கேட்டபோது மேற்பார்வையாளர் எங்கே வலி என்று கேட்டார். ஊசி கணுக்கால் என்றாள். அதற்குப் பட்டை போட்டுக்கொண்டு உட்கார் என்று சொல்லப்போனவர், அவள் முகத்தைப் பார்த்ததும் போகச் சொல்லிவிட்டார்.

வீட்டுக் கதவைத் திறந்தபோது தொலைக்காட்சி காது கிழியக் கத்திக்கொண்டிருந்தது. மாமனார் ரிமோட்டை எடுத்தார். சத்தத்தைக் குறைக்காமலே திரும்ப வைத்தார்.

"சீக்கிரம் வந்துட்ட."

"உள்ள யாரு மாமா?"

"நான் டிவி பாக்கறேன்மா. எனக்கு ஒண்ணும் காதுல விழாது."

அவருக்குக் காது நன்றாகவே கேட்கும்.

வாசலில் கழற்றிவிட்டிருந்த காலணிகளை அப்போதுதான் பார்த்தாள். வெள்ளை நாடா போட்ட சாம்பல் நிறக் காலணி. நாத்தனாருடையது. வீட்டில் கடைசி என்பதால் இன்னும் பாப்பா என்றே அழைக்கப்படுகிற, செருப்புக்கடையில் வேலை பார்க்கிற, ஊசிக்கு இந்த வீட்டில் இருக்கிற ஒரே சிநேகிதி.

வேறொருத்தி இல்லை. ஒரு மூச்சு நேரம் ஊசிக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதிக்காகப் பிறகு வெகுநேரம் அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது.

உள்ளறையில் பாப்பா தரையில் உட்கார்ந்து வலது காலிலிருந்து பட்டையை உரித்துக்கொண்டிருந்தாள். கணுக்காலைச் சுற்றி வளையம்போலத் தோல் சிவந்து, எலும்பின் மேல் ஒரு இடத்தில் உரிந்தும் இருந்தது. சுவரில் இருந்த திரையில் நீலக்கோட்டின் பழைய ஆட்டம் ஒன்று ஓடியது. ஊசியின் ஆட்டம். கணவன் அதை நிறுத்தி, பின்னால் ஓட்டி, குதிகாலை இன்னும் வெடுக்கென்று வைக்கச் சொல்லிக்கொண்டிருந்தான்.

ஊசியைப் பார்த்ததும் அவன் கை தானாகவே திரையை அணைத்தது.

யாரும் கத்தவில்லை. ஊசி பாப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எத்தனை நாளா?"

"அண்ணி..." பாப்பா பட்டையை மடியில் வைத்துச் சுருட்டினாள். "அண்ணாதான் சொன்னான். உங்களுக்கு இடுப்பு முடியல, ஆனா விட்டுக்குடுக்கக் கூச்சப்படறீங்கன்னு. நீங்க கேக்கறதுக்குள்ள நான் பழகிட்டா உங்களுக்கும் நல்லதுன்னு."

"நீ நம்பினியா?"

வெளியே தொலைக்காட்சியில் யாரோ சிரித்தார்கள்.

"நம்பறது வசதியா இருந்துச்சு அண்ணி. கடையில நாள் முழுக்க அடுத்தவங்க காலப் பிடிச்சிட்டு உக்காந்திருக்கேன். இங்க கொஞ்ச நேரம் எல்லாரும் என் காலப் பாக்கறாங்க." பிறகு, சொல்ல வேண்டாம் என்று நினைத்தும் வாய் வந்துவிட்டதுபோல, "போன வாரம் நீங்க கூடுதல் நேர வேலைக்குப் போனப்ப நான்தான் ஆடினேன். யாரும் கண்டுபிடிக்கல" என்றாள்.

அந்தக் கடைசி வார்த்தைகளில் இருந்த சின்னப் பெருமையை ஊசி கவனித்தாள். அவளும் ஒருகாலத்தில் அந்தப் பெருமையோடுதான் இந்த அறையிலிருந்து வெளியே வந்தாள்.

கணவன் இப்போதுதான் வாயைத் திறந்தான். குரல் கடைத்தொகுதிக் குரல், எந்தக் குழந்தையும் காணாமல் போகவில்லை என்பதுபோல.

முதலில் காரணங்கள் சொன்னான். ஒரே ஆளை நம்பி இருந்தால் உடம்புக்கு முடியாத நாளில் என்ன செய்வது, மாற்று ஆள் வேண்டாமா, இதெல்லாம் குடும்பத்துக்காகத்தானே. ஊசி எதற்கும் பதில் சொல்லாததால் காரணங்கள் தீர்ந்துபோயின. மிஞ்சியிருந்ததைச் சொன்னான்.

"உன் பேரச் சொல்லிட்டா அப்புறம் நான் யாரு? சொல்லு. மைக் பிடிக்கிறவன். அந்த வேலையும் எப்பப் போகும்னு தெரியாது. எனக்கு இருக்கறது அந்தக் கோட்டு ஒண்ணுதான்."

"அதுக்காக எனக்குப் பதிலா இன்னொரு காலா?"

"பாப்பா என் தங்கச்சி. அவ பேர் கேக்க மாட்டா."

பாப்பா தலை நிமிர்ந்து அண்ணனைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்த்துச் சொல்லவில்லை. ஒரு மேசையைப் பற்றிச் சொல்வதுபோல, அவள் பக்கம் கையைக் காட்டிச் சொன்னான்.

ஊசிக்கு அழுகை வரவில்லை. அவள் கண் பாப்பாவின் கணுக்காலில் நின்றது. எழுந்து போய்க் களிம்பு கொண்டுவந்து தடவினாள். "எலும்பு மேல வச்சு இறுக்கியிருக்க. ரெண்டு விரல் மேல, சதை தொடங்கற இடத்துல கட்டணும். யாரு கட்டிவிட்டா?"

"அண்ணா."

"அவருக்குத் தன் செருப்பு வாரே மாட்டத் தெரியாது."

பாப்பாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கலாமா என்று தெரியாமல் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"சரி. இன்னிக்கு நான் ஆடறேன்" என்றாள் ஊசி. "நீங்க சொல்ல வேண்டாம். ஆடிட்டாவது போறேன்."

"வேண்டாம். உன் கண்ணப் பாத்தாலே தெரியுது, நடுவுல ஏதாச்சும் பண்ணுவ. பாப்பா ஆடட்டும். வேலை கிடைக்கட்டும், அப்புறம் உக்காந்து பேசிக்கலாம்."

அப்புறம் என்ற அந்த வார்த்தைக்கு எத்தனை வயது என்று ஊசிக்குத் தெரியும். அவர்களது கல்யாணத்தின் வயது.

பொழுது சாயும் நேரத்தில் தேர்வு. பாப்பா புண்ணின் மேல் தடிமனான காலுறை போட்டுக்கொண்டு வந்து நின்றாள். கணவன் பட்டைகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். இடுப்புப் பட்டையை வயிற்றின் மேல் கட்டினான். மூச்சு விடும்போதெல்லாம் திரையில் நீலக்கோட்டு மேலும் கீழுமாக மிதந்தது. மார்புப் பட்டை ஒரு பக்கம் சரிந்ததில் நீலக்கோட்டின் தோள் கோணியது. அவன் எதுவும் பேசாமல் ஊசியிடம் பட்டையை நீட்டினான்.

அவள் வாங்கிக்கொண்டாள். அது அவள் தைத்தது. அவள் தைத்தது அப்படித் தொங்குவதை அவளால் பார்க்க முடியவில்லை. வேறு எந்தக் காரணமும் அவளுக்கு அப்போது தோன்றவில்லை.

வயிற்றிலிருந்து இறக்கி இடுப்பெலும்பின் மேல் கட்டினாள். மார்புப் பட்டையை மூச்சை இழுக்கச் சொல்லி, நிறைந்த மூச்சில் மாட்டினாள். முட்டிகள், இடது கால். வலது காலுக்கு வந்ததும் நிறுத்தினாள்.

"துணி மேல நிக்காது. சிலிக்கான் தோலப் பிடிக்கணும், துணில வழுக்கும். காலுறையக் கழட்டினா புண்ணு உரியும்."

"நேரமாச்சு. கட்டு."

"நழுவும்னு சொல்றேன்."

"இறுக்கிக் கட்டு. உனக்குத் தெரியாததா?"

இறுக்கிக் கட்டினாள். பாப்பா பல்லைக் கடித்துக்கொண்டாள். பிறகு கைகளை விரித்து நேராக நின்றாள், கணினி அவள் உடம்பை அளந்துகொண்டது, நீலக்கோட்டு உயிர் பெற்றது. ஊசி அறை வாசலில் கதவோடு சாய்ந்தாள். அங்கிருந்து உள்ளறையும் தெரியும், முன்னறைத் தொலைக்காட்சியும் தெரியும். மாமனார் சீரியலை நிறுத்திவிட்டு மண்டபத்தின் நேரலையைத் திறந்து வைத்திருந்தார்.

தேர்வாளர் சாம்பல் நிறச் சின்ன உருவமாக வந்து முன் வரிசையில் உட்கார்ந்தார். பெண் குரல், அவசரமில்லாத குரல். ஆட்டத்துக்கு முன்னால் ஒரு கேள்வி மட்டும் கேட்டார்.

"எங்க வாசல்ல ஆடறவரோட சொந்தப் பேரத்தான் போடுவோம். அத நீங்களே உங்க வாயால சொல்லணும். ஆடறது யாரு?"

கணவன் மைக்கின் மேலாக ஊசியைப் பார்த்தான். அந்தப் பார்வையில் வெட்கம் இருந்தது. அது அவளுக்கு ஒரு பிடி நம்பிக்கையைக் கொடுத்தது.

"நான்தான் மேடம்" என்றான். "பேசறது, ஆடறது, எல்லாமே நான்தான்."

பிறகு தன் பெயரைச் சொன்னான். அழகாக, ஒவ்வொரு எழுத்தையும் தேய்க்காமல்.

முன்னறையில் மாமனார் தொண்டையைச் செருமினார்.

பாட்டு தொடங்கியது. பாப்பா மோசமாக ஆடவில்லை. கைகள் சரி, இடுப்பு சரி, ஓட்டம்கூடக் கிட்டத்தட்ட சரி. குதிகால் வந்த இடத்தில் அவள் வலித்த காலைப் பலமாக ஊன்றினாள். காலுறையின் மேல் பட்டை வழுக்கியது. டிராக்கர் கால்வட்டம் சுற்றிப் பக்கவாட்டில் போய் நின்றது. மண்டபத்தில் நீலக்கோட்டின் வலது பாதம் உள்பக்கம் திரும்பி, தரைக்குள் பாதி புதைந்தது. அடுத்த அடியில் அது தரையிலிருந்து பிடுங்கிக்கொண்டு வெளியே வந்து மறுபடி புதைந்தது.

யாரோ சிரித்தார்கள். பிறகு பலர்.

"ஒரு சின்னக் கோளாறு, இதோ" என்று மைக்கில் சொன்ன கணவன், அதை அணைத்துவிட்டு ஊசியைப் பார்த்துக் கையை ஆட்டினான். ஆட்டியது கூப்பிடுவதற்கு இல்லை. காலைக் காட்டினான், அவளைக் காட்டினான், விரலைச் சொடுக்கினான்.

ஊசி உள்ளே போய் மண்டியிட்டாள். ஹெட்செட்டுக்குள் எதுவும் தெரியாமல் பாப்பா அசையாமல் நின்றாள். காலுறையின் ஓரத்தில் ரத்தம் லேசாக ஊறியிருந்தது. ஊசி வெல்க்ரோவைப் பிரித்தாள். பட்டை டிராக்கரோடு கைக்கு வந்தது.

அதைத் திரும்பக் கட்டத்தான் அவள் மண்டியிட்டாள். அப்போது கணவன் மறுபடி விரலைச் சொடுக்கினான்.

அவள் எழுந்தாள். கையில் டிராக்கரோடு அறையைவிட்டு வெளியே நடந்தாள்.

இந்த வகை டிராக்கர்கள் தாமே சுற்றிலும் பார்த்து, தாம் இருக்கும் இடத்தைக் கணினிக்குச் சொல்கிறவை. அறைக்குள்ளேயே இருக்கவேண்டும் என்பதில்லை, கணினிக்கு எட்டும் தூரத்துக்குள் இருந்தால் போதும். மண்டபத்தில் நீலக்கோட்டு நின்ற இடத்திலேயே நின்றது. அதன் வலது கால் மட்டும் ரப்பர்போல நீண்டு, முன் வரிசையைக் கடந்து, தேர்வாளரின் தலைக்கு மேலாக, வாசலை நோக்கிப் போனது.

தொலைக்காட்சியில் அதைப் பார்த்த மாமனார் நாற்காலியில் நிமிர்ந்தார். "கால் வெளிநடப்பு செய்யுது" என்றார்.

ஊசி திரையைப் பார்த்தாள். அவ்வளவு நீளமான காலின் முனையில் ஒரு பாதம் அந்தரத்தில், அவள் கை உயரத்தில் தொங்கியது. மண்டபம் விழுந்து விழுந்து சிரித்தது. அத்தனை நாள் வேலை பார்த்த பாதம். அதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

அவள் முன்னறைத் தரையில் குனிந்து, தன் வெறும் காலில், சதை தொடங்குகிற இடத்தில், பழைய வரியில் பட்டையைக் கட்டினாள்.

உள்ளே பாட்டு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. முன்பாதத்தை அழுத்தினாள். ஓட்டம். மண்டபத்தின் வாசலில், ஆளில்லாமல், ஒற்றைக் கால் ஓடியது. குதிகால்.

நின்றது.

சிரிப்பும் நின்றுவிட்டது. சாம்பல் உருவம் இருக்கையிலிருந்து எழுந்து, நீலக்கோட்டுக்கு முதுகைக் காட்டி, வாசல் பக்கம் திரும்பியது.

"இந்தக் கால்" என்றார் தேர்வாளர். "இது யாரோடது?"

கணவனின் குரல் உள்ளறையிலிருந்தும் தொலைக்காட்சியிலிருந்தும் இரண்டு முறை கேட்டது. "யாருமில்ல மேடம். கருவிய யாரோ தெரியாம எடுத்துட்டாங்க. அது யாருமில்ல."

"யாருமில்லையா? நான் இத்தனை நாளா பாக்க வந்தது இந்தக் காலைத்தான்."

மைக் அணைந்துவிட்டிருந்தது.

தன்னால் பேச முடியாது என்பது ஊசிக்கு அப்போதுதான் உறைத்தது. மண்டபத்தில் அவளுக்கு வாய் இல்லை. மைக் அவன் கையில், முகமாக இருக்கும் ஹெட்செட் பாப்பாவின் தலையில். இத்தனை பேர் பார்க்கிற இடத்தில் அவளிடம் இருந்தது ஒரு பாதம்.

யாருமில்ல. இரண்டு பக்கமிருந்தும் கேட்ட அந்த வார்த்தை இன்னும் முன்னறையிலேயே நின்றது. அவளுக்கு அங்கே நிற்க முடியவில்லை. கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து படியிறங்கினாள். செருப்பு போட்டுக்கொள்ளவில்லை. முதல் திருப்பத்துக்கு வந்தபோது கணுக்காலில் பச்சையாக எரிந்த விளக்கு மஞ்சளாகி மினுக்கத் தொடங்கியது. இன்னும் கொஞ்சம் இறங்கினால் கணினிக்கு எட்டும் தூரம் தாண்டிவிடும்.

மேலே கதவு தடாலென்று திறந்தது. கணவன் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தான். மூச்சு வாங்கியது. அவன் முகத்தில் இருந்தது கோபமா பயமா என்று கீழேயிருந்து தெரியவில்லை. அவள் பின்னாலேயே ஓடி வந்திருக்கிறான், அதுவரைக்கும் தெரிந்தது. நில்லு என்று சொல்வான் என்று நினைத்தாள். குறைந்தது, எங்க போற என்றாவது.

"அந்த டிராக்கரக் குடுத்துட்டுப் போ" என்றான்.

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். அவன் கையை நீட்டியபடியே நின்றான், இறங்கி வரவில்லை.

அவனுக்குப் பின்னால், வீட்டுக்குள், வெல்க்ரோ கிழிபடும் சத்தம் கேட்டது. சற்று விட்டு இன்னொன்று. பிறகு இன்னொன்று. கட்டும்போது அந்தச் சத்தம் வராது, அவிழ்க்கும்போது மட்டும்தான் வரும். உள்ளறையில் பாப்பாவைத் தவிர யாரும் இல்லை. கணவனும் அதைக் கேட்டுவிட்டான். தலையை மட்டும் திருப்பி, "பாப்பா, என்ன பண்ற?" என்றான்.

இன்னொரு வெல்க்ரோ கிழிபட்டது.

முன்னறையில் மாமனார் ரிமோட்டை எடுத்திருக்கவேண்டும். தொலைக்காட்சியின் சத்தம் கூடிக்கொண்டே வந்து படிக்கட்டு முழுக்க நிறைந்தது. மண்டபத்தின் இரைச்சல். அதற்குமேல் அந்த அவசரமில்லாத குரல்.

"போயிடாதீங்க. நான் காத்திட்டிருக்கேன்."

ஊசி குனிந்தாள். கணவன் கம்பியைத் தாண்டிக் கையை இன்னும் தாழ்த்தி நீட்டினான்.

அவள் வெல்க்ரோவைப் பிரிக்கவில்லை. பட்டையை இழுத்து, இன்னும் ஒரு விரல் இறுக்கினாள்.